இரண்டாவது ஒப்புதல்

வடமேற்குத் தமிழ் மன்றத்தில் பதினேழு வருஷமாகத் தேர்தல் என்று ஒன்று நடந்ததில்லை. ஆண்டுப் பொதுக்கூட்டம் மட்டும் தவறாமல் நடக்கும். முந்தின வாரமே தொலைபேசியில் பேசி முடித்த பெயர்களைத் தலைவர் வாசிப்பார், சபை கைதட்டும், பிறகு எல்லோரும் வடைக்குப் போவார்கள்.

அந்த மார்ச் மாத ஞாயிறு பின்னேரமும், ஆக்லாந்தின் மாசி என்ற புறநகரில் உள்ள சமூக மண்டபத்தில் அப்படித்தான் தொடங்கியது. தலைவர் சபாரத்தினம் ஒலிவாங்கியைப் பிடித்தார். எழுபத்தொரு வயது, ஓய்வு பெற்ற பொறியியலாளர், மன்றத்தைத் தொடங்கியவரே அவர்தான்.

"பொருளாளர் பாஸ்கரன் பிரிஸ்பனுக்குக் குடிபோறார். அந்த இடத்துக்குத் தம்பி தனோஜனைக் கமிட்டி சிபாரிசு செய்யுது. தம்பி படிச்ச அக்கவுண்டன்ட். வேற ஆரும் போட்டி போடினமோ? இல்லை. நல்லது. அப்ப ஏகமனதாக..."

"நான் நிக்கிறன்."

குரல் சமையலறை வாசலிலிருந்து வந்தது. எண்பது தலைகள் திரும்பின. அங்கே ரதிதேவி நின்றிருந்தாள், இடுப்பில் ஏப்ரனும் கையில் தேத்தண்ணீர்க் கேத்தலுமாக.

யாரோ சிரித்தார்கள். சபாரத்தினமும் சிரித்தார். "ரதி, தேத்தண்ணி ரெடியோ?"

"ரெடி, அண்ணை. தேர்தல் முடியக் குடிக்கலாம். பொருளாளர் பதவிக்கு நான் நிக்கிறன்."

"ஆர் வழிமொழியிறது?"

நாலாவது வரிசையில் மெதுவாக ஒரு நாற்காலி நகர்ந்தது. மார்கரெட் எழுந்தாள். ஈப்போவிலிருந்து வந்து இருபது வருஷம் பள்ளிக்கூட அலுவலகம் ஒன்றில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். மன்றத்தில் இருந்த சில மலேசியக் கிறிஸ்தவர்களில் ஒருத்தி. "நான் வழிமொழியறேன்," என்றாள், மலேசிய 'லா' இன்னும் போகாத பேச்சில். "யாராச்சும் நிக்கட்டுமே லா. அதுக்குத்தானே கூட்டம் போடறோம்?"

ரதிதேவிக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது. சாவகச்சேரியில் பிறந்தவள். 1999இல் கணவர் கேதீஸ்வரனோடும் இரண்டு வயது மகள் பிரணவியோடும் ஆக்லாந்து வந்து இறங்கியபோது, கையில் இரண்டு பெட்டியும் ஒரு முகவரியும்தான் இருந்தன. முகவரி சபாரத்தினத்தினுடையது. அவர் விமான நிலையத்துக்கே வந்தார். மவுண்ட் ஆல்பர்ட்டில் இருந்த தன் பழைய மரவீட்டின் பின்னறையில் மூன்று மாதம் வாடகை வாங்காமல் வைத்திருந்தார். குடிவரவு அலுவலகத்துக்குக் கடிதங்கள் எழுதிக் கொடுத்தார். கேதீஸ்வரனுக்கு பஸ் ஓட்டும் அனுமதி எடுக்க வழிகாட்டியவரும் அவரே. அந்தக் குடும்பம் அவரை அண்ணை என்று கூப்பிட்டது வாய்ப்பேச்சுக்கு அல்ல.

முதலில் அவள் மோட்டல் அறைகளைத் துப்புரவு செய்தாள். பிறகு வெஸ்ட்கேட்டில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் கல்லாவில் நின்றாள். அவளுடைய கல்லாவில் மட்டும் நாள் முடிவில் ஒரு சதம் கூடவோ குறையவோ இல்லாததைக் கவனித்த மேலாளர், கடையின் முழுப் பணமும் வந்து சேரும் உள்ளறைக்கு அவளை மாற்றினார். அங்கே பதினாலு வருஷம். ஒருநாள் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் ஒரு மேற்பார்வையாளன், நாற்பது டொலர் குறைவதை எங்கேயாவது சரிக்கட்டிவிடும்படி கேட்டான். அவள் குறைவைக் குறைவென்றே எழுதிக் கையெழுத்து வைத்தாள். அவன் ஒரு மாதம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் அதைப் பொருட்படுத்தவும் இல்லை.

மன்றத்தில் அவளுக்கு இருந்த வேலை தேத்தண்ணீர். அவளாகவே எடுத்துக்கொண்ட வேலை; வருத்தமும் இல்லை. ஆனால் போன வருஷக் கூட்டத்தில் அவள் ஒரு கேள்வி கேட்டாள். கட்டட நிதியில் நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் டொலர் கிடக்கிறதே, அதற்கு வட்டி எவ்வளவு வருகிறது என்று. பாஸ்கரன் தாள்களைப் புரட்டினார். சபாரத்தினம் அவருக்காகப் பதில் சொன்னார்: "அதெல்லாம் கமிட்டி பாக்கும், ரதி. நீர் போய்த் தேத்தண்ணியைக் கவனியும்."

அவள் போய்க் கவனித்தாள். எண்பது பேருக்கும் ஊற்றிக் கொடுத்தாள், சபாரத்தினத்துக்கு வழக்கம்போலச் சீனி குறைத்து. வீட்டுக்கு வந்ததும் சங்கங்களின் அரசாங்கப் பதிவேட்டை இணையத்தில் திறந்தாள். அது யாரும் பார்க்கக்கூடியது. மன்றத்தின் யாப்பு, அதாவது விதித்தொகுப்பு, பதினொரு பக்கம், அங்கே கிடந்தது. அச்செடுத்து, பென்சிலால் கோடிட்டுக் கோடிட்டு ஒரு வருஷம் படித்தாள். அங்கேயே கிடந்த ஆண்டுக் கணக்குகளைப் பார்த்து வட்டிக் கேள்விக்கும் அவளே விடை கண்டுபிடித்தாள். வட்டி வரவே இல்லை. பணம் சாதாரணக் கணக்கில் படுத்துக் கிடந்தது.

ஆகவே அந்த மார்ச் மாதம் சபாரத்தினம், "சரி, தனோஜனுக்கு ஆதரவானவை கையை உயர்த்துங்கோ," என்று சொன்னபோது அவளுக்கு விதி எண் தெரிந்திருந்தது.

"ஒன்பதாம் விதி, அண்ணை. போட்டி எண்டு வந்தால் ரகசிய வாக்கெடுப்பு. கை உயர்த்த ஏலாது."

வாக்குச்சீட்டு யாரிடமும் இல்லை, தேவைப்பட்டதே இல்லையே. நிகழ்ச்சி நிரல் தாள்களை நாலாகக் கிழித்தார்கள். ஒரு பிஸ்கட் டின்னைக் காலி செய்து பெட்டியாக்கினார்கள். பேனாக்கள் போதாமல் கைமாறின. தனோஜனின் தாயார் ரதிதேவியை முறைத்துக்கொண்டே சீட்டை மடித்தாள். எண்ணி முடிக்க இருபது நிமிஷம் ஆயிற்று.

தனோஜன் நாற்பது. ரதிதேவி நாற்பத்து மூன்று.

கைதட்டல் சமையலறைப் பக்கத்திலிருந்துதான் முதலில் எழுந்தது. தனோஜன் வந்து கை குலுக்கினான். முப்பத்திரண்டு வயதுப் பையன், முகத்தில் வருத்தம் இல்லை. தப்பித்தேன் என்ற களைதான் இருந்தது. "கங்கிராட்ஸ், ஆன்ட்டி. உண்மையா, எனக்கு டைமே இல்லை," என்றான்.

பாஸ்கரன் கையளித்த மன்றத்தின் கணக்கு, சக்கரம் உடைந்த ஒரு சூட்கேஸ். உள்ளே பதினேழு வருஷ ரசீதுகள், வங்கித் தாள்கள், யாருடையதோ ஒரு கல்யாண அழைப்பிதழ். மூன்று வார இறுதிகள் அவளும் மார்கரெட்டும் சாப்பாட்டு மேசையில் அவற்றைப் பரப்பி வைத்து ஒழுங்குபடுத்தினார்கள். களவு ஒன்றும் இல்லை. ஒரு டொலர்கூடக் காணாமல் போகவில்லை. "பாருங்க, நல்லவங்கதான்," என்றாள் மார்கரெட்.

"நல்லவைதான். ஆனா ஒருத்தரிட்டயும் ஒருக்காலும் கேக்கேல்லை," என்றாள் ரதிதேவி.

ஏப்ரல் முடிவில் ஒரே பக்கத்தில் மாதக் கணக்கு ஒன்றைத் தயாரித்து, வரவு, செலவு, இருப்பு எல்லாம் போட்டு, இருநூற்றுப் பதினாலு அங்கத்தவர்களுக்கும் மின்னஞ்சலில் அனுப்பினாள். மன்றத்தின் வரலாற்றில் முதல் தடவை. அறுபது பேர் பதில் எழுதினார்கள். சபாரத்தினம் எழுதவில்லை.

மே மாதம் இரண்டாம் வாரம், வேலையில் இருந்தபோது அவளுடைய தொலைபேசியில் வங்கியின் செய்தி வந்தது. எண்பத்தையாயிரம் டொலர் அனுப்பத் தலைவர் ஒப்புதல் கொடுத்திருக்கிறார். இரண்டாவது ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது. மன்றத்தின் கணக்கிலிருந்து ஒரு சதம் வெளியே போவதானாலும் இரண்டு பேர் அனுமதிக்க வேண்டும். முதலாமவர் தலைவர். இரண்டாமவர் பொருளாளர்.

அவள் இடைவேளையில் சபாரத்தினத்தைக் கூப்பிட்டாள்.

"காணி ஒண்டு பாத்திட்டன், ரதி," என்றார் அவர் உற்சாகமாக. "ஹெலன்ஸ்வில் போற ரோட்டில. பழைய அப்பிள் பெட்டி கட்டுற கொட்டில் ஒண்டும் நிக்குது. எட்டரை லட்சம், பாதிக்கு வங்கியில கடன் எடுக்கலாம். எங்களுக்கெண்டு சொந்த மண்டபம்! அட்வான்ஸ் வெள்ளிக்கிழமைக்குள்ள போகவேணும். நீர் அந்த பட்டனை அமத்திவிடும்."

"எந்தக் கூட்டத்தில முடிவெடுத்தது, அண்ணை?"

"கமிட்டியில கதைச்சனாங்கள்."

"நானும் கமிட்டிதானே? எனக்குத் தெரியாதே."

"நீர் வேலையில நிண்டிருப்பீர்," என்றார்.

அவள் பட்டனை அமத்தவில்லை. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட எந்தச் செலவுக்கும் பொதுக்கூட்டத்தின் அனுமதி வேண்டும், பதினாலாம் விதி, கூட்டத்தைக் கூட்டுங்கள், சபை சரியென்றால் அன்றே ஒப்புதல் தருகிறேன் என்று மூன்று வரியில் கமிட்டிக்கு எழுதினாள். கூட்டம் கூட்ட மூன்று வார அறிவித்தல் கொடுக்க வேண்டும். காணிக்காரன் அந்த விலைக்கு வெள்ளிக்கிழமைக்கு மேல் காத்திருக்க மாட்டான்.

வெள்ளிக்கிழமை வந்தது, போனது. வாட்ஸப்பில் அவளைப் பற்றிய பேச்சுக் கிளம்பியது. கல்லாவில் நின்றவளுக்குக் காணி விலை என்ன தெரியும் என்று ஒருவர். அரிசி மூட்டை வாங்கவும் இனிப் பொதுக்கூட்டம் போடுவோமா என்று இன்னொருவர், கீழே சிரிக்கும் முகங்கள். பிரணவி அதைப் படித்துவிட்டுக் கொதித்தாள். அவள் தாதியாக வேலை செய்கிறாள். தனி வீட்டில் இருக்கிறாள். "அம்மா, ஜஸ்ட் ரிசைன். யூ டோன்ட் நீட் திஸ்," என்றாள் தொலைபேசியில்.

"எனக்குத் தேவையில்லை எண்டது சரி, பிள்ளை," என்றாள் ரதிதேவி. "நாற்பத்து மூண்டு பேருக்குத் தேவையாயிருக்கு. பிஸ்கட் டின்னுக்குள்ள எழுதிப் போட்டவை."

சனிக்கிழமை காலை சபாரத்தினமே வீட்டுக்கு வந்தார். கேதீஸ்வரன் வாசலுக்கு ஓடிப்போய் அவரை உள்ளே அழைத்து வந்தார். கோப்பி வந்தது. அவர் அதைத் தொடவில்லை.

"ரதி, நான் என்ர சட்டைப் பைக்குள்ள போடவோ கேக்கிறன்?"

"இல்லை, அண்ணை. அப்படி ஆரும் சொன்னால் முதல் சண்டை நான்தான் பிடிப்பன்."

"பின்ன என்ன? முப்பது வருஷம் ரோடும் பாலமும் கட்டின ஆள் நான். எனக்குக் காணி பாக்கத் தெரியாதோ?"

"தெரியும். ஆனா அது சபையின்ர காசு. சபையைக் கேக்கவேணும் எண்டு விதி இருக்கு." அவள் எழுந்து போய் அந்தப் பதினொரு பக்கத்தைக் கொண்டுவந்து, கடைசித் தாளைத் திருப்பி வைத்தாள். "இந்த விதியை எழுதினதே நீங்கள்தான். பாருங்கோ, உங்கட கையெழுத்து."

அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். நீல மையில், இளமையான கையெழுத்து. "அது அந்தக் காலம்," என்றார் மெல்ல. "ஆர் ஆர் வருவினமோ எண்ட பயத்தில எழுதினது." பிறகு குரல் தடித்தது. "எனக்கு எதிரா அதைத் தூக்குவீர் எண்டு நான் நினைக்கேல்லை. ஏர்போட்டில உங்களைக் கூட்டிவந்த நாள் ஞாபகம் இருக்கோ உமக்கு?"

கேதீஸ்வரன் தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பின்னறையில், குளிருக்குச் சபாரத்தினத்தின் மனைவி கொண்டுவந்து போர்த்திவிட்ட கம்பளியின் நிறம்கூட ரதிதேவிக்கு நினைவிருந்தது.  

"சாகும்வரைக்கும் மறக்க மாட்டன். அது நான் உங்களுக்குப் பட்ட கடன், அண்ணை. உங்களுக்குச் சுகமில்லையெண்டால் லீவு போட்டிட்டு வந்து பாப்பன். உங்கட வீட்டில அக்காவுக்குச் சமைச்சுக் குடுப்பன். ஆனா என்ர கடனை மன்றத்தின்ர காசால கட்ட ஏலாது."

"அப்ப ராஜினாமாச் செய்யும்."

"மாட்டன்."

"நான் தலைவர் சொல்லுறன்."

"உங்களையும் சபைதான் போட்டது, என்னையும் சபைதான் போட்டது. என்னை நீங்கள் போடேல்லை. அதால நீங்கள் எடுக்கவும் ஏலாது. சபை எடுக்கட்டும், கணக்குக் கோப்புகளை மேசையில வைச்சிட்டுப் போறன்."

சபாரத்தினம் எழுந்து போனார். கோப்பி ஆடை படர்ந்து கிடந்தது.

கேதீஸ்வரன் நெடுநேரம் சன்னலோரம் நின்றார். சண்டை சச்சரவு அறியாத மனிதர். "விட்டுக்குடுத்தால் என்னப்பா குறைஞ்சு போகும்?" என்று கேட்டார்.

"விட்டுக்குடுக்க அது என்ர சொத்தில்லையே," என்றாள் அவள்.

அவர் ஆறிய கோப்பியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

கமிட்டி ஜூமில் கூடி, பொருளாளரைத் தற்காலிகமாக நிறுத்திவைப்பதாகத் தீர்மானம் போட்டது. பொதுக்கூட்டம் தெரிவு செய்த ஒருவரை நிறுத்தக் கமிட்டிக்கு அதிகாரம் இல்லை என்று விதி எண்ணோடு பதில் எழுதினாள் ரதிதேவி. வங்கியும் அதையே சொல்லிவிட்டது. பிறகு அவள் தானே விசேஷக் கூட்டம் கூட்டப் புறப்பட்டாள். இருபத்தைந்து அங்கத்தவர்கள் கையெழுத்து வைத்துக் கேட்டால் தலைவர் கூட்டியே ஆக வேண்டும்.

மார்கரெட்டின் சின்னக் காரில், மழையும் காற்றுமான இரண்டு நாட்கள், வீடு வீடாகப் போனார்கள். சிலர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே உள்ளே கூப்பிடவில்லை. மாசியில் ஒரு பெரியவர், "உங்களுக்கு ஏன் தங்கச்சி இந்த வேலை?" என்று கேட்டுவிட்டு, சபாரத்தினத்துக்குச் சொல்லவேண்டாம் என்ற நிபந்தனையோடு கையெழுத்து வைத்தார். "கையெழுத்தே அவருக்குத்தான் போகுது, ஐயா," என்றாள் ரதிதேவி. அவர் ஒரு கணம் யோசித்தார். "போகட்டும்," என்று பேனாவை இன்னும் அழுத்தினார்.

வெஸ்ட்கேட்டில் புதிதாக எழும்பியிருந்த வீடுகளில் ஒன்றில், கோயம்புத்தூரிலிருந்து வந்த நிதினும் ரஷ்மியும் இருந்தார்கள். மன்றத்தில் சேர்ந்து இரண்டு வருஷம்தான். "சந்தா கட்டுறோம், பொங்கலுக்கு வந்து சாப்பிட்டுப் போறோம்," என்றான் நிதின். "எங்களையெல்லாம் கேப்பாங்கன்னே தெரியாதுங்க."

"உங்களைக் கேக்காமல் செய்ய ஏலாது எண்டுதான் இந்தச் சண்டை, தம்பி."

"அப்ப நீங்க அந்த நிலம் வேணாம்னு சொல்றீங்களா?" என்று கேட்டாள் ரஷ்மி.

"அதை நான் கூட்டத்தில சொல்லுவன், ஒரு ஆளா. இப்ப வந்தது கூட்டம் வேணும் எண்டு கேக்க."

ஐம்பத்தெட்டுக் கையெழுத்துகள் சேர்ந்தன. சபாரத்தினம் கூட்டத்தை ஜூன் மாத நடுவில் வைத்தார். நிகழ்ச்சி நிரலில் முதலாவது: பொருளாளரை நீக்கும் தீர்மானம். இரண்டாவது: காணி.

அன்று நூற்று முப்பத்தொரு பேர் வந்தார்கள். நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றார்கள். ரதிதேவி தேத்தண்ணீர்ப் பக்கமே போகவில்லை. பொருளாளரின் இடத்தில், தலைவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி, கோப்புகளோடு உட்கார்ந்திருந்தாள். நாற்காலியை மாற்றி உட்காரச் சொல்லி ஒரு கமிட்டிக்காரர் சைகை காட்டினார். அவள் கோப்பைத் திறந்து படிக்கத் தொடங்கினாள்.

சபாரத்தினம் நன்றாகப் பேசினார். பொய் சொல்லவில்லை. பிள்ளைகள் வாடகை வகுப்பறைகளில் தமிழ் படிப்பதைச் சொன்னார். மண்டப வாடகைக்குக் கொட்டிய தொகையைச் சொன்னார். பிறகு திரும்பி அவளைக் காட்டினார். "காணிக்காரன் இப்ப இருபதாயிரம் கூடக் கேக்கிறான். இவ அண்டைக்குக் கையெழுத்து வைச்சிருந்தால் அந்தக் காசு மிச்சம். இருபதாயிரம்! இவவின்ர பிடிவாதத்துக்கு நாங்கள் கட்டின விலை."

முணுமுணுப்பு எழுந்தது. ரதிதேவி ஒலிவாங்கிக்கு வந்தாள்.

"ஓம். தலைவர் சொன்னது உண்மை. என்னாலதான் இருபதாயிரம் கூடினது. ஆரும் மறைக்கத் தேவையில்லை, இந்த மாசக் கணக்கில நானே எழுதியிருக்கிறன்." அவள் அந்தத் தாளை உயர்த்திக் காட்டினாள். "எண்பத்தையாயிரத்தை உங்களைக் கேக்காமல் அனுப்பச் சொன்னவை. நான் அனுப்பேல்லை. நாளைக்கும் அனுப்ப மாட்டன். அடுத்த கிழமை வேற ஒரு நல்ல காரியத்துக்குக் கேட்டாலும் அனுப்ப மாட்டன். நல்ல காரியமோ இல்லையோ எண்டு சொல்லுறது உங்கட வேலை. நீங்கள் சொன்னதுக்குப் பிறகு பட்டனை அமத்துறது மட்டும்தான் என்ர வேலை. இப்பிடி ஒரு பொருளாளர் வேண்டாமெண்டால் இண்டைக்கே எடுத்து விடுங்கோ. நான் அழமாட்டன். ஆனா ராஜினாமாவும் செய்யமாட்டன்."

போய் உட்கார்ந்தாள். 

"இவவுக்குப் பதிலாத் தம்பி தனோஜன் பொறுப்பெடுப்பார்," என்றார் கமிட்டிக்காரர்.

தனோஜன் பின்வரிசையில் எழுந்து நின்றான். "அங்கிள், என்னட்டக் கேக்காமல் என்ர பேரைச் சொல்லுறீங்கள்," என்றான். சிரிப்பு வெடித்தது. அவன் சிரிக்கவில்லை. "நான் அந்தச் சீட்டில இருந்திருந்தாலும் அப்ரூவ் பண்ணியிருக்க மாட்டன். என்ர லைசென்ஸ் போயிரும். ஆன்ட்டி செய்தது சரி. ஐ டோன்ட் வான்ட் த ஜொப்."

அவனுடைய தாயார் மகனை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு ரதிதேவியைப் பார்த்தாள். முறைப்பு கொஞ்சம் தளர்ந்திருந்தது.

நீக்க வேண்டும் என்று நாற்பத்தெட்டு. வேண்டாம் என்று எழுபத்தொன்பது. நாலு சீட்டுகள் வெறுமை.

கைதட்டலுக்கு ரதிதேவி எழுந்து நிற்கவில்லை. "இரண்டாவது விஷயம், காணி," என்றாள், கூட்டம் கலைந்துவிடாமல் பார்ப்பவள்போல.

காணி விவாதம் ஒரு மணி நேரம் போனது. அவள் எதிர்த்துப் பேசினாள். நகரத்துக்கு வெளியே, கார் இல்லாத வயதானவர்களால் வர முடியாத இடம். மவுண்ட் ஆல்பர்ட் ரயில் நிலையத்துக்குக் கிட்ட ஒரு சின்ன இடம் கிடைக்கும்வரை பொறுக்கலாம் என்றாள். "பஸ் வரும், வளர்ச்சி வரும்," என்று யாரோ மறித்தார்கள்.

அப்போது சுவரோரம் ஒருவர் கையை உயர்த்தினார். கேதீஸ்வரன். பதினேழு வருஷத்தில் ஒரு கூட்டத்திலும் வாய் திறந்தறியாதவர்.

"நான் பஸ் ஓட்டுறனான்," என்றார். "கடைசி ஸ்டொப்பிலயிருந்து அந்தக் காணிக்குப் போன ஞாயிற்றுக்கிழமை நடந்து பாத்தனான். ஐம்பத்திரண்டு நிமிஷம். நடைபாதை இல்லை. லொறி போகேக்க புல்லுக்குள்ள இறங்கி நிக்கவேணும்." அவ்வளவுதான். உட்கார இடம் இல்லாததால் மறுபடி சுவரில் சாய்ந்துகொண்டார்.

ரதிதேவி கணவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை, கால் வீங்கி வந்து வெந்நீரில் வைத்திருந்தவரிடம் எங்கே போனீர்கள் என்று கேட்டதற்கு, "சும்மா நடந்தனான்," என்றல்லவா சொன்னார்?

ஆனாலும் சபைக்குச் சொந்த மண்டபத்தின் ஆசை பெரிது. காணி வேண்டும் என்று எழுபத்து நாலு. வேண்டாம் என்று ஐம்பத்தைந்து. இரண்டு பேர் வாக்களிக்காமலே போய்விட்டார்கள்.

காரில் வரும்போது மார்கரெட்டுக்கு ஆத்திரம். "இவ்வளவு பாடுபட்டு என்ன லா பிரயோஜனம்? அவர் கேட்டதுதானே நடந்துச்சு!"

"அவர் கேட்டது நடக்கேல்லை, மார்கரெட். எழுபத்து நாலு பேர் கேட்டது நடந்திருக்கு."

மறுநாள் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, வேலைக்கு அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு, அவள் சபாரத்தினத்தின் வீட்டுக்குப் போனாள். கூட்ட அறிக்கை, வாக்கு எண்ணிக்கை, காணி ஒப்பந்தம் எல்லாவற்றிலும் அவருடைய கையெழுத்தை வாங்கினாள். பிறகு தொலைபேசியை எடுத்து, அவர் கண்ணெதிரிலேயே, இரண்டாவது ஒப்புதலைக் கொடுத்தாள். விலை ஏறியதால் எண்பத்தேழாயிரம் டொலராகிவிட்ட முன்பணம் போய்ச் சேர்ந்ததாக வங்கி சொல்லிற்று.

சபாரத்தினம் நம்பாதவராகப் பார்த்தார். "நீர் எதிரா எல்லோ பேசினீர்? எதிரா எல்லோ வோட்டுப் போட்டிருப்பீர்?"

"ஓம். இப்பவும் எதிர்தான். பிழையான காணி. கேட்டால் இன்னொருக்காலும் சொல்லுவன்."

"பின்ன ஏன் அமத்தினீர்?"

"ரதிதேவிக்குப் பிடிக்காத காணி, அண்ணை. பொருளாளருக்குச் சபை கட்டளை போட்ட காணி."

அவர் வேறு பக்கம் பார்த்தார். உள்ளேயிருந்து அவருடைய மனைவி வந்து சாப்பிட்டுப் போகும்படி ரதிதேவியின் கையைப் பிடித்தாள். சபாரத்தினம் எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார். அவள் இருந்து இரண்டு இடியப்பம் சாப்பிட்டுவிட்டுத்தான் புறப்பட்டாள். அவர் திரும்பி வரவில்லை. அது அவளைச் சுட்டது. பஸ்ஸில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் செய்ததில் எதையும் மாற்றியிருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

அதன் பிறகு அவர் அவளோடு மின்னஞ்சலில் மட்டும் பேசினார், அதுவும் "பொருளாளர் அவர்களுக்கு" என்று தொடங்கி. அவள் அதை அவமானமாக எடுக்கவில்லை. அப்படி அவர் யாரையும் அதுவரை அழைத்ததில்லை.

ஓகஸ்டில், காணியில் நின்ற கொட்டிலின் கூரையைத் திருத்த ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரம் டொலருக்கு ஒரு விலை மதிப்பீடு தலைவரிடமிருந்து வந்தது. பத்தாயிரத்துக்கு நூறு குறைவு. சபை அனுமதி தேவையில்லாத தொகை. அந்த நூறு எப்படிக் குறைந்தது என்பது அவளுக்கு விளங்காமல் இல்லை. இன்னும் இரண்டு இடத்தில் விலை கேட்டு வாங்கி அனுப்பும்படி எழுதி, மதிப்பீட்டைத் திருப்பி அனுப்பினாள்.

பத்து நிமிஷத்தில் தொலைபேசி அடித்தது. திரையில் சபாரத்தினத்தின் பெயர். இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல் அழைப்பு. அவள் கடையின் சாப்பாட்டு அறையில் இருந்தாள். சோற்றுப் பெட்டி பாதியில் இருந்தது. ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொண்டு எடுத்தாள்.

"சொல்லுங்கோ, அண்ணை," என்றாள். "கத்துறதெண்டால் கத்துங்கோ, நான் கேக்கிறன். ஆனா மூண்டு விலை வராமல் அமத்தமாட்டன்."